பொன்மலை டெஸ்மண்ட் இறக்காமல் விட்ட சுரம்

தை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டில், பொன்மலை டெஸ்மண்ட் தன் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து, எச்சிலை உதறி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், குளித்து, இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டுப் படுத்த பிறகும், அவன் கடைசியாக ஊதிய சுரம் மட்டும் ஊதிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அதை முதலில் கணக்கில் ஏற்றியவர் வாட்ச்மேன் மருதமுத்து. கேட்டைப் பூட்ட வந்தவர், வாதாம் மரத்துக்கும் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கும் நடுவில், ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் சத்தம் நிற்பதைக் கண்டு, கையை வைத்துப் பார்த்து, உள்ளங்கை லேசாகக் கூசியதும் சட்டையில் துடைத்துக்கொண்டு, பதிவேட்டை எடுத்து 'உள்ளே வந்தது: சத்தம் ஒன்று' என்று எழுதி, 'வெளியே போன நேரம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தூங்கப் போனார். முப்பது வருஷமாகக் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குப் புதுசு என்று எதுவும் கிடையாது.

நான் தனிஸ்லாஸ். அதே கல்லூரியில் இயற்பியல் துறை லேப் அசிஸ்டென்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிடார். பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்று சுற்றுமுற்றும் தேடுவார்கள். அதில் ஒரு வசதி, நான் எல்லாரையும் நிதானமாகப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன், இதில் கூட்டியது குறைவு.

எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரியில்தான் விழ வேண்டும். அத்தனை கல்லூரிக்கும் ஹாஸ்டல், அத்தனை ஹாஸ்டலிலும் ஞாயிறு மத்தியானம் சிக்கன், அத்தனை சிக்கனையும் தின்றுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நாலு மணிக்கு வெளியே வருகிற பிள்ளைகளுக்காகத்தான் நாங்கள் நாலு பேர் சைக்கிள் ஸ்டாண்டில் ஜாஸ் வாசிக்க ஆரம்பித்தோம். 'மெயின்கார்டுகேட் நால்வர்' என்று பெயர் வைத்தோம். முதல் வாரம் நாலைந்து பெரியவர்கள் திருநீறு பூசிக்கொண்டு தேவாரம் கேட்க வந்து, முழுசும் உட்கார்ந்து கேட்டு, "சுந்தரர்தான் கொஞ்சம் சத்தமா ஊதுறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறு வாரமும் வந்தார்கள்.

சுந்தரர் என்றது டெஸ்மண்டைத்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், ஆங்கிலோ இந்தியக் குடும்பம், வயது முப்பத்து நாலு, வாய் திறந்தால் நாலு வார்த்தை சேர்ந்து வராது, டிரம்பெட்டை வைத்தால் ராமாயணமே வரும். கீபோர்டு சேஷாத்ரி சார், தாவரவியல் பேராசிரியர், குழுவின் சட்டதிட்டம் முழுக்க அவர் எழுதியது. டிரம்ஸ் செங்கமலம். உறையூர்ப் பெண். மகளிர் கல்லூரியில் ஒன்பது வருஷமாகக் கணிதத்தில் கௌரவ விரிவுரையாளர்; கௌரவம் பெயரில் இருந்தது, துறையில் உட்கார நாற்காலி இல்லை. ஒவ்வொரு பாட்டும் அவள் குச்சிகளைத் தட்டி 'ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு ரெண்டு மூணு நாலு' என்று எண்ணினால்தான் புறப்படும்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு சேஷாத்ரி சார் ஒரே மூச்சில் சொல்லுவார். முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டை ஒரு தடவை வாசிக்க வேண்டும், அப்புறம் ஆளுக்கு ஒரு முறை தன் மனசில் பட்டதை வாசிக்கலாம், மற்றவர்கள் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும், தன் முறை முடிந்தவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும், தலையாட்டாமல் முறை மாறாது, கடைசியில் எல்லாரும் பாட்டுக்குத் திரும்பி வந்து கூடி முடிக்க வேண்டும், முடியாமல் எவரும் மேடையை விட்டு விலகக் கூடாது. ஒரு தடவை நடுப்பாட்டில் குரங்கு வந்து அவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது. சார் மிச்சப் பாட்டைக் கண்ணில்லாமலே வாசித்து முடித்தார். குரங்கும் முடிகிற வரை கூரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனது.

டெஸ்மண்டுக்குச் செங்கமலத்தின் மேல் பிரியம் என்பது ஊருக்கே தெரியும். சைக்கிளில் தகரப் பெட்டி கட்டி முட்டை பப்ஸ் விற்கிற ஜபருல்லா பாய்க்குத்தான் எல்லாருக்கும் முந்தித் தெரியும். நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் டெஸ்மண்ட் அவரிடம் ஒரு பப்ஸ் வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவளிடம் நீட்டி, "சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். இருநூறு தடவை 'சூடா இருக்கு'. இருநூற்று ஒன்றாவது வார்த்தை அதுவரைக்கும் வரவில்லை.

அந்த ஞாயிறு அவள் பப்ஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"ஷில்லாங்ல வேலை கிடைச்சிருக்கு. நிரந்தரம். பிப்ரவரி ஒண்ணாந்தேதி சேரணும். மூட்டை கட்டுறது, ரிலீவிங் ஆர்டருக்கு அலையுறதுன்னு இனி நேரம் இருக்காது. இன்னைக்கு வாசிக்கிறதுதான் கடைசிப் பாட்டு."

சேஷாத்ரி சார் எழுந்து நின்று கை கொடுத்தார். அவளுடைய ஒன்பது வருஷ அலைச்சலை அறிவேன், சந்தோஷப்பட்டேன். டெஸ்மண்ட் டிரம்பெட்டின் வால்வுகளை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எண்ணினாள். பாட்டு புறப்பட்டது. டெஸ்மண்டின் முறை வந்தபோது அவன் வாசித்ததைக் கேட்டு ஜபருல்லா பாய் பெட்டியை மூட மறந்தார், பப்ஸ் அத்தனையும் ஆறியது. கடைசிச் சுரத்துக்கு வந்தான். அதை இறக்கிவிட்டு சேஷாத்ரி சாரைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவன் செங்கமலத்தைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். சுரத்தை அப்படியே பிடித்தான், மூச்சு தீருகிற வரை பிடித்தான், தீர்ந்த பிறகும் சுரம் நின்றது. நாங்கள் மூன்று பேரும் அடியில் அந்த இடத்து நாலு தாளக் கட்டத்தையே இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றி வாசித்தோம். டெஸ்மண்ட் தலையாட்டாமலே பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"பாட்டு முடியலையே சார்" என்றாள் செங்கமலம்.

சேஷாத்ரி சார் கூரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், நடுவில் நிற்பதைக் கேட்டார். "முடியலைதான். சாப்பிடலாம், தூங்கலாம், கிளாஸ் எடுக்கலாம், தாளம் மட்டும் நிக்கக் கூடாது. இந்தச் சுரம் கேக்குற தூரம் வரைக்கும் மேடைன்னு வெச்சுக்கோம்மா. அதைத் தாண்டிப் போகக் கூடாது."

சுரம் வடக்கே காவிரிப் பாலம் வரை கேட்டது, தெற்கே பொன்மலை வரை கேட்டது. ஷில்லாங் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை ஊர் எழுந்தது, பல் விளக்கியது, சுரத்தைக் கேட்டது. "என்னா சத்தம்?" "பொன்மலை டெஸ்மண்டு ஊதுனதாம், இன்னும் இறங்கலையாம்." "ஓகோ." அவ்வளவுதான் விசாரணை. எங்கள் துறைத் தலைவர் என்னிடம் ஏணியும் கருவியும் கொடுத்து அனுப்பினார். ஏறி அளந்து, நொடிக்கு நானூற்று அறுபத்தாறு அதிர்வு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று கோப்பை மூடினார். ஒரு நாகஸ்வரக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டுவிட்டு, ஆறரைக் கட்டை, சுத்தமாக நிற்கிறது, இந்தக் காலத்தில் இப்படி யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்கழி பஜனைக் கோஷ்டி மிச்சமிருந்த நாட்களுக்கு ஆர்மோனியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. தேவாலயப் பாடகர்கள் எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை ஏற்றிக்கொண்டார்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் ஆறரைக் கட்டையில் விற்றது, கத்தரிக்காயும் அப்படியே.

ஹாஸ்டல் பிள்ளைகள் சுரத்தின் மேல் துண்டும் பனியனும் காயப்போட்டார்கள். அணில்கள் மரத்திலிருந்து கூரைக்கு அதன் வழியாகவே போய் வந்தன. பொங்கலன்று பறந்து வந்த காற்றாடி ஒன்று அதில் சிக்கிக்கொண்டது, எடுக்க ஏணி கேட்டு என்னிடம்தான் வந்தார்கள். 'பொங்கலோ பொங்கல்' என்று தெருத் தெருவாகக் கத்தியது அந்த வருஷம் ஒரே சுருதியில் சேர்ந்து எழுந்தது, உறையூரில் ஆரம்பித்ததைப் பாலக்கரையில் முடித்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்கள் மல்லுக்கு நிற்க, "உங்கப்பன் வீட்டு வண்டியா" என்று ஒருவர் இழுத்தது சுரத்தோடு போய்ச் சேர, "எங்கப்பனுக்கு வண்டியே இல்லை" என்று மற்றவர் எடுக்க, பயணிகள் கைதட்டித் தாளம் போட, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து சண்டை நாசமாகப் போனது. ஊரில் கோபமே கொஞ்சம் கூச்சமான சமாசாரமாக ஆகிவிட்டது.

பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் சுரத்தின் வால் தங்கள் காம்பவுண்டுக்குள் இருப்பதாகக் கடிதம் எழுதினார்கள். ஆறு பேராசிரியர்கள் டேப் பிடித்து அளந்து, தலை எங்களுடையது, வால் அவர்களுடையது, நடுப்பகுதி பொது என்று முடிவு சொன்னார்கள். எட்டுப் பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார்கள், அதில் ஒருவர் தலைப்பு 'நிற்கும் ஒலியும் நிற்காத பேருந்தும்'. வெளியூரில் படிக்கப் போன பிள்ளைகள்கூட மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மாசம் எங்கள் ஊருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கால் தரையில் பாவாமல் திரிந்தோம்.

டெஸ்மண்ட் ராஜாவானான். பணிமனையில் அவன் ஸ்பானரை எடுத்தால் 'உதடு ஜாக்கிரதைப்பா' என்று யாராவது வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வாயே திறக்காதவனுக்கு இதெல்லாம் போதை. ஒருநாள் அவனிடம் மெல்லக் கேட்டேன்.

"டெஸ்மண்ட், எப்ப இறக்கப் போற?"

"ஊரே ஹாப்பியா இருக்கு மேன்."

"அவ?"

பஸ் வந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டான்.

சுரத்தைக் காக்க வேண்டும், இறக்கக் கூடாது என்று ஒரு விண்ணப்பம் ஊரைச் சுற்றியது. முப்பதாயிரம் கையெழுத்து. என் கையெழுத்து ஏழாவது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அவள் போவதில் இஷ்டமில்லை, அதை மனசோடு வைத்துக்கொள்ளாமல் காகிதத்தில் எழுதிவிட்டேன்.

செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு முடியாததால் அவள் தாளத்தை விடவில்லை. பஸ் கம்பியில் தட்டினாள், கரும்பலகையில் சாக்பீஸால் தட்டியபடியே தேற்றத்தை நிரூபித்தாள், ரிலீவிங் ஆர்டருக்காக நின்ற ஒவ்வொரு மேஜையிலும் தட்டினாள். "சும்மா போயேம்மா, ஒரு பாட்டுக்காக நிரந்தர வேலையை விடுவாங்களா?" என்றார் ஜபருல்லா பாய்.

"ஒன்பது வருஷமா எல்லாரும் என்னைப் பாதியிலயே நிறுத்தி வெச்சிருக்காங்க பாய். நானும் ஒண்ணைப் பாதியில விட்டுட்டுப் போகணுமா?" என்றாள் அவள்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம், அவள் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தாள். நானும் டெஸ்மண்டும் இருந்தோம். ஒரு ஹேண்டில்பாரின் மேல் கையை வைத்துத் தட்டிக்கொண்டே நின்றாள். அப்போதுதான் டெஸ்மண்ட் பார்த்தான். நாலு விரல் நுனியிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, சுண்டு விரலில் அது நனைந்து சிவந்திருந்தது.

"கைக்கு என்னாச்சு?" என்றான்.

"தாளம் போடுறேன். நீதான சோலோ எடுத்துக்கிட்டிருக்க?"

அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான், அவள் வாங்கவில்லை.

"நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசத் தெரியல. ஊரையே கட்டிப் போடத் தெரியுது. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் டெஸ்மண்ட். நிஜமா யோசிச்சிருப்பேன். புடிச்சு வெச்சுக்கிறது கேக்குறதில்ல."

"சொல்ல வரல கமலம். காட் ப்ராமிஸ். நீ போறேன்னதும்... இறக்குனா நீ போயிருவ. அது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு ரயில். நீ இறக்குவேன்னு நம்பி டிக்கெட் போட்டிருக்கேன். இறக்கலைன்னா போக மாட்டேன், இருந்துடுவேன்." தட்டுவதை நிறுத்தாமலே அவனை நேராகப் பார்த்தாள். "ஆனா அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். தனிஸ் அண்ணே, நீங்களே சாட்சி."

தட்டிக்கொண்டே போனாள். டெஸ்மண்ட் அந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பார்த்தான். சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு இருந்தது. கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊரில் வேறு எங்கும் ஆளில்லை. சைக்கிள் ஸ்டாண்டு, மைதானம், மதில், மரக்கிளை, பக்கத்துக் கல்லூரி மொட்டைமாடி எல்லாம் தலை. தேவாரம் கேட்க வந்த பெரியவர்கள் முதல் வரிசையில். டெஸ்மண்ட் பெட்டியோடு வந்ததும், 'இறக்காதே' என்று ஒரு குரல் எழுந்தது, அதுவும் ஆறரைக் கட்டையில்தான், அப்புறம் நூறு குரல், அப்புறம் எல்லாரும், 'இறக்காதே, இறக்காதே' என்று அழகாகச் சேர்ந்து பாடினார்கள், பாடப் பாட அவர்களுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. டெஸ்மண்ட் முகம் வெளுத்துவிட்டது. முப்பதாயிரம் பேர் கெஞ்சுவதை ஒருவன் எப்படித் தட்டுவான் என்று நினைத்தேன். என் ஏழாவது கையெழுத்து என்னை அன்றைக்குச் சுட்டது.

அவன் டிரம்பெட்டை எடுத்தான். நின்றிருந்த சுரத்துக்குக் கீழே போய், எக்கி, அதன் நுனியில் ஊதுவாயைப் பொருத்தினான். மூன்று வாரத்துக்கு முன் விட்ட மூச்சை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறவனைப் போல நெஞ்சு நிறைந்தது. செங்கமலத்தைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

வழக்கப்படி அடுத்த முறை சேஷாத்ரி சாருடையது. அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுரம் அரைக் கட்டை இறங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, காயப்போட்டிருந்த ஒரு பனியனைக் கீழே போட்டுவிட்டு, நின்றுபோனது. ஊர் மூன்று வாரமாக மறந்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கேட்டது. பஸ் ஹாரன், காக்கா, எங்கோ குழாயில் தண்ணீர். மருதமுத்து பதிவேட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, காலியாக விட்டிருந்த கட்டத்தில் நாலு ஐம்பத்திரண்டு என்று எழுதினார். பலர் அழுதார்கள், நானும்தான்.

செங்கமலம் குச்சியை எடுத்தாள். மூன்று வாரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். பஸ் கம்பி அதில் இருந்தது, கரும்பலகை இருந்தது, ரிலீவிங் ஆர்டர் மேஜைகள் இருந்தன, கண்டக்டர்கள் சண்டை இருந்தது, ஒன்பது வருஷம் நாற்காலி இல்லாமல் நின்ற கால்வலி இருந்தது. அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தாளத்தை நிறுத்தாமலே எழுந்தாள். டிரம்ஸை விட்டுத் தூணில் தட்டினாள், தூணை விட்டு வரிசையாக நின்ற சைக்கிள் மணிகளில் தட்டினாள், கேட்டில் தட்டினாள், மருதமுத்துவின் பதிவேட்டில் இரண்டு அடி, ஆட்டோவின் தகரத்தில் அடி, ஆட்டோ நகர, ஊர் பின்னால் ஓட, நான் தொடையில் பேஸ் தட்டிக்கொண்டு ஓட, சேஷாத்ரி சார் காற்றில் விரலை ஆட்டிக்கொண்டு அவர் வயதுக்கு ஓடக் கூடாத ஓட்டம் ஓட, ஜங்ஷன் வரை அவள் ஒரு அடி விடவில்லை. ரயிலில் ஏறி, ஜன்னல் கம்பியில் தட்டினாள். ரயில் புறப்பட்டது. தட்டிக்கொண்டே போய்விட்டாள்.

பிளாட்பாரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய சேஷாத்ரி சார் திடீரென்று நிமிர்ந்தார்.

"அடடா! அவ தலையாட்டவே இல்லையே!"

டெஸ்மண்ட் கன்னமெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தான். "ஆட்ட மாட்டா சார். இப்ப அவ முறை."

முறை அவளுடையது, தலையாட்டாமல் அது மாறாது, மாறாமல் பாட்டு முடியாது, முடியாமல் யாரும் விலகக் கூடாது. ஆனால் அவள் எல்லையைத் தாண்டிப் போயாயிற்றே என்று கேட்டவர்களுக்கு சேஷாத்ரி சார் தயாராகப் பதில் வைத்திருந்தார். கேட்கிற தூரம் வரைக்கும் மேடை. ஃபோனில் கேட்டாலும் அது கேட்பதுதான். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அவள் ஷில்லாங்கிலிருந்து ஃபோன் செய்வாள். ஃபோனை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து முன்னால் மைக்கை நிறுத்துவோம். அங்கே ஒரு மேஜையில் அவள் தட்டுவாள் (சொந்த மேஜை, சொந்த நாற்காலி என்று முதல் வாரமே சொன்னாள்), இங்கே நானும் சேஷாத்ரி சாரும் தாங்கிப் பிடிப்போம். ஊர் ஸ்டூலைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. சுரம் போன துக்கம் இரண்டு வாரத்தில் ஆறியது, மூன்றாவது வாரம் ஸ்டூலுக்கு மாலை போட்டார்கள். டெஸ்மண்ட் மடியில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு, தன் முறை வராததால், சும்மா உட்கார்ந்திருந்தான். பத்து ஞாயிறு.

"வீடியோ கால்ல தலையாட்டச் சொல்லுங்க சார், விஷயம் முடிஞ்சுது" என்றார் ஜபருல்லா பாய், பொறுக்க மாட்டாமல்.

"செல்லாது" என்றார் சேஷாத்ரி சார். "தலையாட்டுறதை நேர்ல பாக்கணும். சட்டம்." அந்தச் சட்டத்தை அவர் அந்த நிமிஷம்தான் எழுதினார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டெஸ்மண்ட் அன்றைக்குச் சாயங்காலமே லீவு எழுதிக் கொடுத்தான். ரயில்வே ஆளுக்குப் பாஸ் இருக்கிறது, பாதை இருக்கிறது, போகத்தான் இத்தனை நாள் கால் எழவில்லை. பணிமனை நண்பர்கள் சட்டை தேய்த்து, டிரம்பெட்டுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். ஜபருல்லா பாய் அடுப்பிலிருந்து எடுத்த முட்டை பப்ஸ் ஒன்றை வாழை இலையில் சுற்றி, காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தார். மூன்று நாள் ரயில், அப்புறம் மலை ஏற வேண்டும். அந்த பப்ஸின் கதி என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினோராவது ஞாயிறு. நாலு மணி. ஃபோன் வந்தது, ஸ்டூலில் வைத்தோம். தட்டினாள், தாங்கிப் பிடித்தோம். நாலு கட்டம், எட்டுக் கட்டம், பதினாறு. திடீரென்று அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது, தாளத்தில் சரியாக விழுந்தது. அவள் தட்டிக்கொண்டே எழுந்து போவது கேட்டது, கதவில் தட்டுவதும் கேட்டது, கதவு திறப்பது கேட்டது. அப்புறம் டப்பா மூடி கழலுகிற சத்தம். முன்னூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலை நோக்கிக் குனிந்தோம்.

"ஆறிப் போச்சே" என்றாள் செங்கமலம்.

"ஆமா" என்றான் டெஸ்மண்ட். அப்புறம், எங்கள் அத்தனை பேர் காதும் கேட்க, நாலு வருஷமும் இருநூறு பப்ஸும் தாண்டி, அந்த இருநூற்று ஒன்றாவது வந்தது. "கமலம், நான் இங்க இருந்துரவா? இல்ல போகணுமா? நீ சொல்லு. எதுன்னாலும் ஓகே."

தட்டுவது நின்றது.

ஜனவரி முதல் ஞாயிற்றிலிருந்து நிற்காத தாளம் நின்றது. ஒரு கட்டம் வெறுமையாகப் போனது. என் விரல் கம்பியில் உறைந்துவிட்டது. இரண்டாவது கட்டமும் வெறுமையாகப் போனது. சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அப்புறம் ஃபோனுக்குள்ளிருந்து டிரம்பெட் வந்தது. நேரே பாட்டுக்கு வந்தது, ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வாசித்த அதே பாட்டுக்கு. அவள் தலையாட்டியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான். நான் பாய்ந்து பேஸைப் பிடித்தேன், சார் கண்ணாடி இல்லாமலே கீபோர்டில் விழுந்தார், அங்கே மேஜை மறுபடி ஒலித்தது, நாலு பேரும் இரண்டாயிரம் கிலோமீட்டர் அகலமான ஒரு மேடையில் கூடி வாசித்து, ஒரே அடியில் முடித்தோம். கடைசிச் சுரத்தை டெஸ்மண்ட் அழகாக இறக்கி வைத்தான். ஊர் கைதட்டிய தட்டில் கூரையிலிருந்த குரங்கு மரத்துக்குத் தாவியது.

கைதட்டல் ஓய்ந்தது. பாட்டு முடிந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் போகலாம், சட்டத்தில் தடையில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. சேஷாத்ரி சார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், ஜபருல்லா பாய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், நான் ஃபோனை வைத்துவிடலாமா என்று கையை நீட்டினேன். உள்ளே இரண்டு குச்சிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு..." என்றாள் செங்கமலம். "ரெண்டு..."